எழுப்பும் கேமராவும் கோள் சொல்லும் கேமராவும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரம். காய்கறியும் பழமும் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் லாரி ஓட்டுநர் மதியச் சாப்பாட்டுக்காக வண்டியை ஓரங்கட்டினார். தன் முகத்தைப் பார்த்தபடி பொருத்தியிருந்த கேமராவை மறைத்துவிட்டு உட்கார்ந்தார். மேலாளரிடமிருந்து கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: கேமராவை மூடக் கூடாது, அது கம்பெனி விதிக்கு விரோதம். அந்த ஓட்டுநர் தொழிற்சங்கம் கட்டும் முயற்சியில் இருந்தவர் என்பதால் விவகாரம் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் வரை போனது. தொழிலாளிக்குத் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தை நிறுவனம் உண்டாக்கிவிட்டது என்று 2023-ல் வாரியம் தீர்ப்பளித்தது. 2024-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வண்டிக்குள் கேமரா இருப்பது ஊழியர்களுக்கு முன்பே தெரியும், தெரிந்த கேமராவை நினைவுபடுத்துவது எப்படி வேவாகும் என்பது நீதிமன்றம் சொன்னதன் சாரம். தொழிலாளர் சட்டத்தின் நுணுக்கத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு தரப்பும் அலசாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. நின்றுகொண்டிருக்கும் லாரியில் சோறு தின்னும் ஒருவருடைய முகத்தைப் பதிவு செய்வதால் சாலையில் யாருடைய உயிர் காப்பாற்றப்படுகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டால் தயாராக ஒரு பதில் வரும். நாற்பது டன் எடையை நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்பவர் சாதாரண ஊழியர் அல்ல. அவர் கண்ணயர்ந்தால் ஒரு குடும்பமே நசுங்கிப்போகும். அப்படிப்பட்டவர் அந்தரங்கம் பேசுவது ஆடம்பரம். தப்பு செய்யாதவருக்குக் கேமராவைக் கண்டு என்ன பயம்? லாரி முதலாளி, காப்பீட்டு நிறுவனம், கேமரா விற்பவர், விபத்தில் உறவைப் பறிகொடுத்தவர், ஏன், சொந்தக் காரில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும் நாமும்கூட ஒரே குரலில் சொல்வது இதுதான். உயிர் ஒரு தட்டில், ஓட்டுநரின் கூச்சம் மறுதட்டில் என்று தராசைப் பிடித்துவிட்டால், கூச்சத்தின் பக்கம் நிற்க யாருக்கும் மனம் வராது. தராசே தப்பு என்பது என் வாதம். உயிரைக் காப்பதற்கு வேண்டிய கேமரா வேறு, இன்று விற்கப்படும் கேமரா வேறு. முதலாவதின் புள்ளிவிவரத்தைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் ஆதாரங்களை முதலில் அவற்றின் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ.யின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பெரிய லாரிகளில் வீடியோ கண்காணிப்பு இருந்தால் ஆண்டுக்கு 63,000 விபத்துகள் வரையிலும், 293 உயிரிழப்புகள் வரையிலும் தவிர்க்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அதற்கு முன் 2010-ல் அமெரிக்க மத்திய அரசின் லாரிப் பாதுகாப்புத் துறைக்காக நடந்த ஆய்வில், வண்டிக்குள் கேமரா பொருத்திய இரண்டு நிறுவனங்களில் ஆபத்தான ஓட்டுதல் சம்பவங்கள் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், மற்றொன்றில் பாதிக்கு மேலும் குறைந்தன. விபத்துகளைப் புலனாய்வு செய்யும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் கேமராவைப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கிறது. இவற்றையெல்லாம் முதலாளிகளின் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. தள்ள வேண்டியதும் இல்லை.

ஆனால் அந்த 2010 ஆய்வில் அப்படி என்னதான் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதில் பயன்பட்ட கருவி நாள் முழுக்க ஓட்டுநரைப் படம்பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பியதல்ல. திடீர் பிரேக், பலத்த குலுங்கல் என்று ஏதாவது நடந்தால் மட்டும் அதற்கு முன்னும் பின்னுமாகச் சில நொடிகளை அது சேமித்தது. சேமித்ததை வைத்து ஒரு பாதுகாப்பு மேலாளர் ஓட்டுநரை உட்காரவைத்து, இந்த இடத்தில் இடைவெளி போதவில்லை, இங்கே கைபேசியை எடுத்துவிட்டீர்கள் என்று பேசித் திருத்தினார். பலன் கேமராவுக்கு எவ்வளவு, அந்தப் பேச்சுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அளந்ததும் விபத்தை அல்ல, கருவி பதிந்த சம்பவங்களைத்தான். தலையீடு நீடித்ததும் பதின்மூன்று வாரம். ஏ.ஏ.ஏ.யின் 63,000 என்பதும் இப்படிப்பட்ட ஆய்வுகளின் பலனை நாட்டிலுள்ள பெரிய லாரிகள் அனைத்துக்கும் விரித்துப் போட்ட உச்சவரம்பு மதிப்பீடு. அதில் உள்ள 'வரை' என்ற சொல் விற்பனைப் பேச்சில் காணாமல் போய்விடும். சில நொடிப் பதிவும் ஒரு நல்ல மேலாளரும் சேர்ந்து தந்த பலனைக் காட்டி, நாள் முழுக்க முகத்தை ஆராய்ந்து கொட்டாவியை எண்ணி மதிப்பெண் போட்டு அலுவலகத் திரைக்கு அனுப்பும் எந்திரத்தை நியாயப்படுத்துகிறார்கள். பாராசிட்டமாலின் ஆய்வைக் காட்டி வேறு மாத்திரையைக் கையில் திணிப்பது போன்றது இது.

சரி, தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். வேண்டும். பார்த்துவிட்டு என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த பொது வாகனப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, புதிய வாகனங்களில் தூக்கக் கலக்க எச்சரிக்கையையும் கவனச் சிதறல் எச்சரிக்கையையும் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அதே சட்டத்தின் ஆறாவது பிரிவு இன்னொன்றையும் கட்டாயமாக்குகிறது. இந்தக் கருவிகள் தொடர்ந்து பதிவு செய்யக் கூடாது; தங்கள் வேலைக்குத் தேவையானதைத் தவிர எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது; அந்தத் தரவு எந்த நேரத்திலும் மூன்றாம் தரப்புக்குப் போகக் கூடாது; வேலை முடிந்ததும் உடனே அழிக்கப்பட வேண்டும். அதாவது கண் இமை சரிந்தால் வண்டி ஓட்டுநரை எழுப்பும், அத்தோடு மறந்துவிடும். அந்தரங்கத்துக்கும் உயிருக்கும் சண்டை என்று நம்மிடம் சொல்லப்பட்டதே, அந்தச் சண்டையை ஒரு சட்டப் பிரிவு நான்கு வரியில் தீர்த்துவைத்திருக்கிறது. வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வரும் கருவிக்குத்தான் இந்தப் பிரிவு பொருந்தும், நிறுவனங்கள் தனியாக வாங்கி மாட்டும் கேமராவுக்கு அங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் காவல் என்பது உண்மை. ஆனாலும் ஒரு விஷயம் நிரூபணமாகிவிட்டது: எழுப்புவதற்குப் படத்தை ஊருக்கு அனுப்பத் தேவையில்லை.

இங்கிருந்து பார்த்தால் கேள்வி தலைகீழாகிறது. தூங்கும் ஓட்டுநரை எழுப்ப வேண்டிய மணி கேபினுக்குள்ளேயே அடித்துவிட்டது என்றால், எழுநூறு மைலுக்கு அப்பால் உள்ள அலுவலகத்துக்கு அந்தப் படம் எதற்கு? படம் போய்ச் சேர்ந்து, ஒருவர் திறந்து பார்த்து, தொலைபேசியை எடுப்பதற்குள் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டியிருக்கும். அந்த நொடியின் ஆபத்துக்கு அலுவலகத்தால் எதுவும் செய்ய முடியாது. அந்தப் படம் பிற்பாடு பயன்படும்: எழுத்துபூர்வ எச்சரிக்கைக்கு, போனஸ் பிடித்தத்துக்கு, வேலைநீக்கத்துக்கு, வழக்கு வந்தால் குற்றத்தை நிறுவனத்திடமிருந்து ஓட்டுநர் தலைக்கு மாற்றுவதற்கு. இவையெல்லாம் ஒரு முதலாளிக்கு நியாயமான தேவைகளாகவே இருக்கட்டும். அவற்றுக்கு உயிர்காப்பு என்று பெயர் வைக்காமல் அவற்றின் பெயரிலேயே வந்து கேட்கட்டும், பேரம் பேசலாம்.

லாரித் தொழிலில் இந்த வாக்குறுதி புதிதும் அல்ல. ஓட்டுநர்கள் காகித நோட்டில் நேரத்தைத் திருத்தி எழுதுகிறார்கள், அதனால்தான் தூக்கமில்லாமல் ஓட்டி விபத்து நடக்கிறது என்று சொல்லி, 2017 டிசம்பரில் அமெரிக்கா மின்னணு நேரப்பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கியது. ஒரு நாளில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. எஞ்சினோடு இணைந்த கருவி அதை இனி ஏமாற்ற விடாது என்றார்கள். கருவி தன் வேலையைச் செய்தது. நேர விதிமீறல் குறைந்தது. விபத்து குறையவில்லை. ஸ்காட், பால்த்ராப், மில்லர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. சிறிய நிறுவனங்களின் ஓட்டுநர்களிடம் வேகமீறல் போன்ற ஆபத்தான ஓட்டுதல் கூடியிருந்தது. காரணத்துக்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. தூரம் அதே தூரம், சரக்கு போய்ச் சேர வேண்டிய நேரம் அதே நேரம், கடிகாரம் மட்டும் இறுகிவிட்டது, மிச்சமிருப்பது ஆக்சிலரேட்டர். லாரி ஓட்டுநர்களிடையே பல ஆண்டுகள் களஆய்வு செய்த சமூகவியலாளர் கேரன் லெவி, 2022-ல் வந்த தன் நூலில் இதைத்தான் வேறு கோணத்தில் சொல்கிறார்: தொழிலின் பொருளாதாரக் கோளாறைத் தொடாமல், அதன் கடைசி முனையில் நிற்கும் ஆளை மட்டும் அளக்கும் கருவிகள் இவை.

அந்தப் பொருளாதாரக் கோளாறு என்ன? அமெரிக்க நெடுந்தூர லாரி ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு ஊதியம் மைல் கணக்கில். சக்கரம் சுற்றினால் காசு, நின்றால் பெரும்பாலும் இல்லை. கிடங்கு வாசலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் மணிக்கணக்கில் காத்திருப்பது அவர்கள் தலையெழுத்து. 1938-ன் நியாயத் தொழில்தர நிர்ணயச் சட்டம் தொழிலாளர்களுக்குக் கூடுதல் நேர ஊதியத்தைத் தந்தபோது, மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் லாரிக்காரர்களை அதற்கு வெளியே நிறுத்தியது, இன்றும் வெளியேதான். இந்தக் காத்திருப்பைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கிடங்கில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கத்தக்க விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநர்களின் வருமானத்தில் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இதனால் போகிறது என்றும் அது சொன்னது. பதினைந்து நிமிடம்தான். இந்தக் கணக்கு வெளிவந்த பின்னும், சரக்கு இறக்கத் தாமதம் செய்யும் கிடங்கு மேலாளரின் மேசைக்கு மேலே கேமரா மாட்டி, தாமதத்துக்கு மதிப்பெண் குறைக்கும் ஏற்பாடு ஒன்றும் பேச்சில் வரவில்லை.

ஊதியத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஜே.பி. ஹன்ட் என்ற பெரிய லாரி நிறுவனம் 1997 வாக்கில் ஓட்டுநர் ஊதியத்தைச் சுமார் 39 சதவீதம் உயர்த்தியது. ஆட்கள் வேலையை விட்டு ஓடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, விபத்து விகிதமும் சரிந்தது. பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் பெல்சரும் அவருடைய சகாக்களும் அந்த நிறுவனத்தின் பதிவுகளை வைத்து 2006-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு, ஊதியம் கூடக்கூட ஓர் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு குறைகிறது என்பது. கூடுதல் சம்பளத்துக்கு அனுபவசாலிகள் வந்து சேர்கிறார்கள், இருப்பவர்கள் நிலைக்கிறார்கள், ஒரு நடையில் விட்டதை அடுத்த நடையில் பிடிக்க வேண்டும் என்ற பதைப்பு குறைகிறது. அந்தக் காலத்தில் ஓட்டுநர் முகத்துக்கு எதிரே கேமரா கிடையாது. பெரிய நெடுந்தூர நிறுவனங்களில் ஆண்டுக்குத் தொண்ணூறு சதவீத அளவுக்கு ஆட்கள் மாறிய ஆண்டுகள் அண்மைக்காலத்திலும் உண்டு. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் வருடத்துக்குத் தொண்ணூறு பேர் மாறினால், கேமரா யாரைத் திருத்தும்?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வழக்கை நானே எடுத்துவைக்கிறேன். 2014 ஜூன் 7 நள்ளிரவு தாண்டி, நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் வால்மார்ட் லாரி ஒன்று முன்னால் போன வேன் மீது மோதியது. ஒருவர் இறந்தார், நடிகர் டிரேசி மோர்கன் படுகாயமடைந்தார். சாலைப் பணி நடந்த இடத்தில் மணிக்கு 45 மைல் வரம்பு. லாரி 65 மைலில் வந்தது. ஓட்டுநர் 28 மணி நேரமாகத் தூங்கவில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. கேமரா இருந்திருந்தால்? எழுப்பும் கேமரா இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். அதனால்தான் அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த 28 மணி நேரம் எங்கே போனது? ஓட்டுநரின் வீடு ஜார்ஜியாவில், வேலைக்கு ஏற வேண்டிய இடம் டெலவேரில். ஏறக்குறைய 800 மைல் தூரத்தை இரவு முழுவதும் சொந்த வாகனத்தில் ஓட்டி வந்து, ஓய்வில்லாமல் லாரியில் ஏறியிருக்கிறார். கருவியின் கடிகாரம் அவர் லாரியில் ஏறிய பிறகுதான் ஓடத் தொடங்கும். அந்தப் பயணம் எந்தக் கேமராவின் கண்ணிலும் படாது. இவ்வளவு தொலைவில் வீடுள்ளவர் வேலைக்கு வரும்போது தூங்கிவிட்டு வந்தாரா என்று கேட்கக் கருவி தேவையில்லை, கேட்க ஒரு மனிதர் போதும்.

அடுத்து வரும் ஆட்சேபம், லாரி முதலாளியின் சொத்து, அது பணியிடம், பணியிடத்தில் அந்தரங்கம் ஏது என்பது. அலுவலக மேசைக்கு இது ஓரளவு பொருந்தும். நெடுந்தூர லாரியின் கேபினுக்குப் பொருந்தாது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே கட்டில் இருக்கிறது. வாரக்கணக்கில் அதில்தான் படுக்கிறார், உடை மாற்றுகிறார், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், மனைவியோடு சண்டை போடுகிறார், சமாதானமாகிறார், அழுகிறார். பத்து மணி நேரம் கட்டாய ஓய்வு என்று சட்டம் சொல்லும்போது அந்த ஓய்வை எடுக்கும் இடமும் அதே ஆறடிப் பெட்டிதான். தொழிற்சாலையில் கேமரா வைக்கும் முதலாளி தொழிலாளியின் வீட்டுப் படுக்கையறையில் வைப்பதில்லை. இங்கே இரண்டும் ஒரே அறை. அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2023-ல் ஓட்டுநர்களிடமே கருத்துக் கேட்டது. அது லாரித் தொழில்துறையே நடத்தும் ஆய்வு நிறுவனம், தொழிற்சங்க அலுவலகம் அல்ல. முகம் பார்க்கும் கேமராவோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதற்குக் கொடுத்த சராசரி மதிப்பெண் பத்துக்கு 2.24. பெண் ஓட்டுநர்கள் கொடுத்தது அதையும்விடக் குறைவு. ஏன் என்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உயிர்ப்பொறுப்பு உள்ளவர் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும் என்ற கொள்கையை எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கிறார்களா என்றும் பார்க்கலாம். லாரி ஓட்டுநரைவிடப் பல மடங்கு உயிர்களைச் சுமப்பவர் விமானி. விமானி அறையில் வீடியோப் பதிவுக் கருவி வேண்டும் என்று அதே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000-லேயே பரிந்துரைத்தது. விமானிகள் சங்கங்கள் எதிர்த்தன; இன்றுவரை அது கட்டாயமாகவில்லை. ஒலிப்பதிவு உண்டு, ஆனால் பழையது அழிந்து புதியது பதியும்படி சுழலும் பதிவு அது. விபத்துக்குப் பின் புலனாய்வு வாரியம் அந்த ஒலியை வெளியிட முடியாதபடி சட்டம் தடுக்கிறது. அன்றாடப் பறத்தல் தரவை விமான நிறுவனங்கள் ஆராயும்போதுகூட விமானியின் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் ஆராய்கிறார்கள். இன்னார் என்று தெரிந்து பேச வேண்டியிருந்தால், பெரும்பாலும் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் வழியாகத்தான். வானத்தில் இப்படி நடப்பதால் விமானப் பயணம் ஆபத்தாகிவிடவில்லை. மாறாக, தவறை ஒளிக்காமல் சொல்லும் பழக்கம் அங்கே வளர்ந்திருக்கிறது. ஒருவருக்குச் சங்கமும் சம்பளமும் மரியாதையும் இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இதைத் தவிர வேறு எந்தப் பாதுகாப்புத் தத்துவமும் எனக்கு விளக்கவில்லை.

கேமரா ஓட்டுநரையும் காப்பாற்றுமே, கார்க்காரர் குறுக்கே புகுந்துவிட்டு லாரிக்காரர் மீது பழி போட்டால் சாட்சி வேண்டாமா என்பது கொஞ்சம் அன்பான ஆட்சேபம். வேண்டும். அந்தச் சாட்சியைச் சொல்வது சாலையைப் பார்க்கும் கேமரா. குறுக்கே வந்த காரை அதுதான் காட்டும். முகத்தைப் பார்க்கும் கேமராவும் சில வழக்குகளில் ஓட்டுநரைக் காப்பாற்றலாம். ஆனால் அந்தப் படம் யார் கையில் இருக்கிறது? எதை எடுத்துக் கொடுப்பது, எதைக் கிடப்பில் போடுவது என்பதை முதலாளியும் அவருடைய வழக்கறிஞரும் தீர்மானிக்கும்வரை, அது ஓட்டுநருடைய சாட்சி என்று சொல்ல முடியாது.

சம்மதம் வாங்கித்தானே பொருத்துகிறோம் என்பார்கள். 2021 மார்ச்சில் அமேசான் சரக்கை விநியோகிக்கும் ஒப்பந்த நிறுவனங்களின் வேன் ஓட்டுநர்களிடம், நான்கு லென்ஸ் கொண்ட நெட்ராடைன் கேமரா தங்கள் முக அடையாளத் தரவை எடுத்துக்கொள்ள ஒப்புதல் படிவம் நீட்டப்பட்டது. கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை. இதற்குச் சம்மதம் என்று பெயர். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்ததற்குக் கவனச் சிதறல் என்றும், வேறு கார் தங்கள் முன்னால் வெட்டிப் புகுந்ததற்குத் தங்கள் தவறு என்றும் கேமரா கணக்கெழுதியதாக அந்த ஓட்டுநர்கள் அதே ஆண்டு பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். கண்ணாடியைப் பார் என்பது வண்டி ஓட்டக் கற்பவருக்குச் சொல்லும் முதல் பாடம். உண்மையான சம்மதம் எப்படி இருக்கும் என்பதை இல்லினாய் மாநிலத்தின் 2008-ஆம் ஆண்டு உயிரியல் அடையாளத் தரவுச் சட்டம் காட்டுகிறது: எதற்கு எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும், மீறினால் தனிமனிதரே வழக்குப் போடலாம். ரயில்வே சரக்கு முனைய வாசலில் முறையான ஒப்புதலின்றி 45,600 லாரி ஓட்டுநர்களின் கைரேகையைப் பதிந்த பி.என்.எஸ்.எஃப். ரயில்வேக்கு எதிராக 2022-ல் சிகாகோ நடுவர் குழு தீர்ப்பளித்தது, 22.8 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. பிற்பாடு 7.5 கோடியில் சமரசமானது. தொகை குறைந்தாலும், லாரிக்காரரின் விரலுக்கும் முகத்துக்கும் விலை உண்டு என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைத்துவிட்டது.

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்க முடியாது. நெட்ராடைன் நிறுவனத்தின் ஒரு கால் சான் டியேகோவில், மறுகால் பெங்களூருவில். இந்திய லாரிகளிலும் முகம் பார்க்கும் கேமராக்கள் ஏறத் தொடங்கிவிட்டன. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நாளைய செய்தி அல்ல. இங்கே தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் மிகப் பழைய கருவி ஒன்று இருந்தது. அதற்கு செகண்ட் டிரைவர் என்று பெயர். சின்ன வண்டியில் கிளீனர். ஓட்டுபவர் குரல் மங்கினால் பக்கத்து ஆளுக்குத் தெரியும், அண்ணே ஓரங்கட்டுங்க, டீ குடிக்கலாம் என்பார். வாடகை கட்டுப்படியாகாமல் போய் அந்த ஆளைக் குறைத்துக்கொண்டே வந்த பிறகு, அந்த இருக்கைக்கு நேராகக் கேமரா வருகிறது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பிறகு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பும் எட்டு மணி நேரத்தையே சொல்கிறது. நடைமுறையில் லாரி ஓட்டுநர் சராசரியாக ஏறக்குறைய 12 மணி நேரம் ஓட்டுகிறார் என்று 2020-ல் சேவ்லைஃப் அறக்கட்டளையின் ஆய்வு கண்டது. கேபினுக்குக் குளிர்சாதனம் வர இந்த நாட்டில் பல ஆண்டு இழுபறியும் ஓர் அரசாணையும் தேவைப்பட்டன. 2025-ல்தான் அது புதிய கனரக லாரிகளுக்குக் கட்டாயமானது. கேமரா வர எந்த ஆணையும் தேவைப்படவில்லை.

சட்டக் காவலும் இங்கே மெலிந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்தோ சட்டப் பொறுப்பிலிருந்தோ காப்பதற்கும், ஊழியரின் சம்மதம் இல்லாமலேயே தரவைப் பயன்படுத்த வழி விட்டிருக்கிறது. அமேசான் ஓட்டுநருக்குக் கையெழுத்துப் போட ஒரு படிவமாவது நீட்டினார்கள். இங்கே அதுவும் அவசியமில்லை.

திரும்பத் திரும்பக் கண்ணயரும் ஓட்டுநரை முதலாளி அறியாமல் விடலாமா என்ற ஒரே ஆட்சேபம்தான் எனக்கு உண்மையிலேயே கடினமானது. கருவி எழுப்பிவிட்டு மறந்துவிட்டால், ஒருவர் தினமும் அரைத்தூக்கத்தில் ஓட்டுவது வெளியே வராது. இதற்கும் முகம் தேவையில்லை, எண்ணிக்கை போதும். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், எத்தனை முறை எச்சரிக்கை அடித்தது என்று தெரிந்தால், அந்த நடைக்கு நேரம் ஒதுக்கியவரிடம் முதல் கேள்வி கேட்கலாம். பெரிய விபத்து நடந்தால் அந்தச் சில நொடிப் பதிவை முத்திரையிட்டு வைத்து, புலனாய்வு அதிகாரியும் ஓட்டுநர் தரப்பும் இருக்கும்போது திறக்கலாம். இதெல்லாம் நடக்காத கற்பனையா என்றால், முகம் பார்க்கும் கேமரா இல்லாமலே உலகின் மிகப் பெரிய சரக்கு நிறுவனங்களில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்காக டீம்ஸ்டர்ஸ் சங்கம் 2023-ல் யுபிஎஸ்ஸோடு போட்ட ஒப்பந்தத்தில், ஓட்டுநரை நோக்கும் கேமரா கிடையாது என்பது ஒரு ஷரத்து.

கனரக வாகனங்களில் தூக்கக் கலக்க எச்சரிக்கையைக் கட்டாயமாக்க இந்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025-ல் வரைவு விதி வெளியிட்டது. அந்த எச்சரிக்கை வரட்டும். கூடவே மூன்று வரிகளையும் அமைச்சகம் எழுத வேண்டும்; தொழிற்சாலையில் பொருத்திய கருவிக்கு மட்டுமல்லாமல் நிறுவனங்கள் கடையில் வாங்கி மாட்டுவதற்கும் சேர்த்து எழுத வேண்டும். படம் வண்டியை விட்டு வெளியே போகக் கூடாது. வேலை முடிந்ததும் அழிய வேண்டும். எஞ்சினை அணைத்தால் கேமராவும் அணைய வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்களும் ஓட்டுநர் சங்கங்களும் டீசல் விலைக்கும் சுங்கச்சாவடிக் கட்டணத்துக்கும் மனுக் கொடுக்கும்போது இந்த மூன்றையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கட்டும்.